குறைந்த செலவில் தமிழ் மடிப்பிதழ்: கேன்வா, லிப்ரெஆபிஸ், இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ், டி.டி.பி. மையம் – எது யாருக்கு?

சத்துமாவு விற்கும் மகளிர் குழு, தனிப்பயிற்சி மையம், இயற்கை விளைபொருள் கடை, சிறு தொண்டு நிறுவனம் என்று யாராக இருந்தாலும், முதன்முதலாக ஒரு மடிப்பிதழ் அச்சடிக்க முனையும்போது ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். வடிவமைப்பாளருக்குத் தனியாகக் கொடுக்கப் பணம் இல்லை. இணையத்தில் இலவசக் கருவிகள் ஏராளமாக இருக்கின்றன. பக்கத்துத் தெரு டி.டி.பி. மையத்திலோ அச்சுக்கூலியோடு சேர்த்து வடிவமைப்பையும் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். இவற்றுள் எதைத் தேர்வது என்ற கேள்விக்குப் பெரும்பாலானோர் வார்ப்புருக்களின் (ஆயத்த மாதிரி வடிவங்களின்) எண்ணிக்கையையும் அழகையும் பார்த்து விடை காண முயல்கிறார்கள்.

கணக்கை அச்சகத்திலிருந்து பின்னோக்கிப் போடுவதே சரியான முறை என்பது என் கருத்து. எத்தனை பிரதிகள், எந்த இயந்திரத்தில், எத்தனை நிறத்தில், எந்தத் தாளில் என்பவை முதலில் முடிவானால், எந்தக் கருவி போதும் என்பது பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும். திரையில் எல்லாமே இலவசம்; பிளேட் (அச்சுத் தகடு) போடும்போதும் வெட்டும்போதும் மடிக்கும்போதும்தான் அந்த இலவசத்தின் விலை தெரியவரும். அதிலும் தமிழில் அச்சிடுவோருக்கு, ஆங்கிலத்தில் அச்சிடுவோர் எண்ணிப் பார்க்கத் தேவையே இல்லாத ஒரு கூடுதல் இடர் உண்டு. எழுத்து உடைவதுதான் அது.

ஒப்பிடுவதற்கு வசதியாக ஒரு பொதுவான வேலையை எடுத்துக்கொள்வோம்: ஏ4 தாள், இருபுறமும் அச்சு, மூன்று பகுதிகளாக மடிப்பது, உள்ளடக்கம் தமிழில், ஆங்காங்கே ஆங்கிலத்தில் மின்னஞ்சலும் இணைய முகவரியும், நான்கைந்து புகைப்படங்கள், ஒரு க்யூ.ஆர். குறியீடு.

## எவற்றைக் கொண்டு ஒப்பிடுவது

தமிழ் எழுத்து உடையாமல் அச்சாவது. இன்று நாம் கைபேசியிலும் கணினியிலும் தட்டச்சுவது யூனிகோடு என்ற பொதுக் குறியாக்கத்தில் அமைந்த தமிழ். அதில் "கொ" என்பது ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் இட்டு அதை எழுத்தாக்கிக் காட்டுவது மென்பொருளின் பொறுப்பு. இந்தப் பொறுப்பைச் சரியாகச் செய்யாத மென்பொருளில் கொம்பு இடம் மாறி நிற்கும், "ஸ்ரீ" பிளந்துவிடும், புள்ளி எழுத்தைவிட்டு விலகி நிற்கும். எந்தக் கருவியை எடுத்தாலும் முதல் வேலையாக "கொ, கோ, கௌ, ணை, லூ, க்ஷ, ஸ்ரீ" என்ற வரிசையைத் தட்டச்சு செய்து, பி.டி.எஃப். ஆக ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பை வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிட வேண்டும்.

அச்சுக்கு ஏற்ற கோப்பு. இதில் நான்கு கூறுகள் உள்ளன. முதலாவது, வெட்டும் ஓரம். பின்னணி நிறம் தாளின் விளிம்புவரை வர வேண்டுமானால் நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக நிறம் நீண்டிருக்க வேண்டும்; அச்சகத்தார் இதை ப்ளீட் என்பார்கள். ஏ4 கிடைமட்டத் தாள் 297 × 210 மி.மீ. என்றால் கோப்பு 303 × 216 மி.மீ. இருக்க வேண்டும். இரண்டாவது, மடிப்புக் கணக்கு. 297ஐ மூன்றால் வகுத்து 99 மி.மீ. வீதம் பிரித்துவிடுவதுதான் எல்லோரும் செய்வது. ஆனால் உள்ளே மடங்கிப் போகும் பகுதி மற்ற இரண்டைவிடச் சற்றே குறுகலாக இல்லாவிட்டால் மடிப்பில் முட்டிச் சுருங்கும். 100, 100, 97 என்று பிரிப்பதே நடைமுறை. வெளிப்புறத் தாளில் இடது ஓரம் 97, உட்புறத் தாளில் வலது ஓரம் 97 என்று வரும்.

மூன்றாவது, நிறம். திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளால் நிறம் காட்டுகிறது. அச்சு சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு மைகளால் நிறம் காட்டுகிறது. முன்னதை ஆர்.ஜி.பி. என்றும் பின்னதை சி.எம்.ஒய்.கே. என்றும் சொல்வர். திரையில் மின்னும் நீலமும் கிளிப்பச்சையும் தாளில் மங்கியே வரும், மென்பொருள் சி.எம்.ஒய்.கே. முறையை அறிந்திருந்தால் அந்த மங்கலை முன்கூட்டியே ஊகித்து வேறு நிறம் தேர்ந்துகொள்ளலாம்.

நான்காவது, கருப்பு. இதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஆர்.ஜி.பி. கோப்பில் உள்ள கருப்பு எழுத்து, அச்சுக்கு மாற்றப்படும்போது பல நேரங்களில் நான்கு மைகளின் கலவையாக மாறிவிடுகிறது. மைக்கு ஒன்றான நான்கு பிளேட்டுகளும் மயிரிழை விலகினாலும், சுழியும் வளைவும் நிறைந்த 10 பாயிண்ட் அளவுத் தமிழ் எழுத்தின் ஓரங்களில் சிவப்போ நீலமோ கசிந்து, எழுத்து கலங்கித் தெரியும். எழுத்து கருப்பு மையில் மட்டும் இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. இன்னொரு பயனும் உண்டு: பிளேட் போட்ட பிறகு தொலைபேசி எண்ணில் ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டால், எழுத்து தனிக் கருப்பில் இருக்கும்போது ஒரு கருப்புப் பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும், கலவைக் கருப்பாக இருந்தால் அந்தப் பக்கத்தின் நான்கு பிளேட்டுகளும் வீண்.

கற்கும் உழைப்பு, உரிமம், மூலக்கோப்பு. இந்த மூன்றையும் ஒரு சேரக் குறிப்பிடலாம். ஒரேயொரு மடிப்பிதழுக்காக ஒரு மென்பொருளை முழுதாகக் கற்பது யாருக்குக் கட்டுப்படியாகும் என்பது ஒன்று. பயன்படுத்தும் படமும் எழுத்துருவும் வணிக அச்சுக்கு அனுமதிக்கப்பட்டவையா என்பது மற்றொன்று. அடுத்த ஆண்டு முகவரி மாறினால் திருத்தக்கூடிய கோப்பு நம் கையில் இருக்குமா என்பது மூன்றாவது. பலரும் இதை அடுத்த ஆண்டுதான் நினைத்துப் பார்க்கிறார்கள்.

## ஒரு பார்வையில்

| தெரிவு | தமிழ் எழுத்து | நிறமும் கருப்பும் | கற்கும் உழைப்பு | மூலக்கோப்பு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| கேன்வா, இலவசக் கணக்கு | சரியாக அமையும். எழுத்துருத் தெரிவு குறைவு | ஆர்.ஜி.பி. மட்டும் | மிகக் குறைவு | கேன்வாவுக்குள் மட்டும் | கட்டணப் படங்கள், அளவு மாற்றம், நிற மாற்றம் |
| லிப்ரெஆபிஸ் ட்ரா | சரியாக அமையும் | ஆர்.ஜி.பி. | குறைவு | நம் கணினியில் | வார்ப்புரு இல்லை. அழகு நம் பொறுப்பு |
| இங்க்ஸ்கேப் | சரியாக அமையும் | ஆர்.ஜி.பி. | நடுத்தரம் | நம் கணினியில் | நீண்ட உரைக்கு நேரம் பிடிக்கும் |
| ஸ்கிரைபஸ் 1.6 | சரியாக அமையும் | சி.எம்.ஒய்.கே., தனிக் கருப்பு | அதிகம் | நம் கணினியில் | கற்கும் நேரம் |
| டி.டி.பி. மையம் | அவர்கள் எழுத்துருவைப் பொறுத்தது | அச்சகத்துக்கு ஏற்றபடி | இல்லை | கேட்டு வாங்கினால் மட்டும் | மெய்ப்புத் திருத்தம், படங்களின் உரிமம் |

## கேன்வா, இலவசக் கணக்கில்

ஆஸ்திரேலியாவில் 2013இல் தொடங்கப்பட்ட கேன்வா, வடிவமைப்பு அறியாதவர் கையிலும் பார்க்கத்தக்க ஒன்றை ஒரே மாலையில் உருவாக்கித் தரும் ஆற்றல் கொண்டது. உலாவியிலோ கைபேசியிலோ இயங்குகிறது. குழுவில் உள்ள இருவர் மூவர் ஒரே கோப்பில் வேலை செய்யலாம். தமிழ் எழுத்து உடைவதில்லை. அச்சுக்கான பி.டி.எஃப். பதிவிறக்கத்தில் வெட்டுக் குறிகளும் ப்ளீட்டும் இலவசக் கணக்கிலேயே கிடைக்கின்றன. இவ்வளவும் இலவசமாகக் கிடைப்பது சிறிய காரியமில்லை.

தடைகள் வேறிடத்தில் இருக்கின்றன. சி.எம்.ஒய்.கே. நிறத்தில் பதிவிறக்குவது கட்டணக் கணக்குக்கு உரியது. முடித்த வடிவமைப்பின் அளவை ஒரே சொடுக்கில் மாற்றுவதும், நமக்குப் பிடித்த தமிழ் எழுத்துருவை ஏற்றிக்கொள்வதும், படத்தின் பின்னணியை நீக்குவதும் அப்படியே. இவற்றுள் அளவு மாற்றம்தான் எதிர்பாராமல் மாட்டிவிடும். மடிப்பிதழ் வார்ப்புருக்களில் பல அமெரிக்க லெட்டர் அளவில், அதாவது 8.5 × 11 அங்குலத்தில் அமைந்தவை. நம் ஊர்த் தாளோ ஏ4. வேலையெல்லாம் முடிந்தபின் அச்சகத்தார் ஏ4 கேட்டால், ஒவ்வொரு பெட்டியையும் கையால் நகர்த்த வேண்டிவரும். ஆகவே வார்ப்புருவைத் தொடுவதற்கு முன்பே 297 × 210 மி.மீ. என்று தன்விருப்ப அளவில் வெற்றுப் பக்கத்தைத் திறந்துகொண்டு, அதற்குள் வார்ப்புருவை இழுத்துக்கொள்வதே நல்லது. 100, 100, 97 என்ற கோடுகளையும் அப்போதே போட்டுக்கொள்ள வேண்டும். வார்ப்புருக்கள் சமமாகப் பிரிப்பவை.

வார்ப்புருக்கள் ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டவை என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டு ஆங்கிலச் சொற்கள் பெரிய எழுத்தில் நின்ற தலைப்பு இடத்தில் "பாரம்பரியச் சிறுதானியச் சத்துமாவு" என்று இட்டால் மூன்று வரியாகி, கீழே உள்ள படத்தின்மேல் ஏறும். அதோடு, ஆங்கில எழுத்துருவைத் தேர்ந்து தமிழை இட்டால் அந்த எழுத்துரு தமிழுக்குப் பொருந்தாமல் வேறொரு பொது எழுத்துருவே வந்து நிற்கும். பட்டியலில் எதை மாற்றினாலும் தமிழ் மட்டும் மாறாமலிருப்பதன் காரணம் இதுதான்.

பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் கட்டண வசதிகளை இலவசமாகத் தரும் தனித் திட்டங்கள் கேன்வாவில் உண்டு. தகுதி உள்ளவர்கள் ஆவணங்களைக் கொடுத்து முதலில் அதற்கு விண்ணப்பித்துவிட்டால், மேலே சொன்ன தடைகளுள் பெரும்பாலானவை நீங்கிவிடும். வணிகம் நடத்துவோருக்கு இன்னொரு குறிப்பு: கேன்வாவின் பொதுப் படங்களையும் வார்ப்புருவையும் கொண்டு செய்த சின்னத்தை வணிகக் குறியீடாகப் பதிவு செய்ய அதன் உரிமம் இடம் தருவதில்லை. மடிப்பிதழுக்காகச் செய்த சின்னமே நாளை பொட்டலத்திலும் பெயர்ப்பலகையிலும் ஏறுவது வழக்கம் என்பதால், சின்னத்தை மட்டும் சொந்தமாக வரைந்துகொள்வது நல்லது.

நூறு இருநூறு பிரதிகளை டிஜிட்டல் லேசர் இயந்திரத்தில் எடுப்பவர்களுக்கு கேன்வாவே போதும். அந்த இயந்திரங்கள் ஆர்.ஜி.பி. கோப்பை ஏற்றுத் தாமே மாற்றிக்கொள்கின்றன. பிளேட் என்ற ஒன்றே அங்கு இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கும் இதே கோப்பு உதவும்.

## லிப்ரெஆபிஸ் ட்ரா

லிப்ரெஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் தொகுப்பில் உள்ள வரைகருவியான ட்ராவைப் பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. ஆனால் ஒரு நிறத்தில், வண்ணத்தாளில், ஆயிரம் பிரதி அடிக்க நினைப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று இல்லை. ஒற்றை நிற வேலையில் நிற மாற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு பிளேட். மஞ்சளோ இளம்பச்சையோ தாளிலேயே நிறம் இருப்பதால் பார்வைக்கும் குறைவில்லை. பல வண்ண அச்சுதான் மதிப்பு என்று எண்ணிப் பணத்தை அதில் கொட்டுவதைவிட, நல்ல தாளில் தெளிவான ஒற்றை நிற மடிப்பிதழே உயர்ந்தது என்று நான் கருதுகிறேன்.

2017இல் வந்த 5.3 பதிப்பு முதல் தமிழ் எழுத்தமைப்பு எல்லா இயங்குதளங்களிலும் ஒரே சீராக இருக்கிறது. பக்க அளவை 303 × 216 என்று கொடுத்து, ப்ளீட்டையும் உள்ளடக்கியே வேலை செய்யலாம். க்யூ.ஆர். குறியீடு உருவாக்கும் வசதி 6.4 பதிப்பு முதல் உள்ளேயே இருக்கிறது. வார்ப்புரு இல்லாத குறையை நம் கண்தான் ஈடுகட்ட வேண்டும்.

## இங்க்ஸ்கேப்

சின்னம், வரைபடம், கடைக்கு வழிகாட்டும் படம் ஆகியவற்றுக்கு இந்த இலவச வரைகலை மென்பொருள் சிறந்தது. 2022இல் வந்த 1.2 பதிப்பு முதல் ஒரே கோப்பில் பல பக்கங்கள் வைக்கலாம் என்பதால் இருபுற மடிப்பிதழும் செய்யலாம். எனினும் பத்தி பத்தியாக உரை உள்ள வேலைக்கு இது உகந்ததன்று.

இதன் உண்மையான பயன் வேறு. எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றும் வசதி, அதாவது அச்சகங்களில் "கர்வ் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்பார்களே, அதை இலவசமாகச் செய்து தருகிறது. தமிழ் யூனிகோடு உரை உள்ள பி.டி.எஃப். கோப்பை அச்சகத்தில் கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் திறக்கும்போது உரை உரையாகவே உள்ளே போனால் கொம்பும் காலும் சிதறும் வாய்ப்பு அதிகம். வளைகோடாக்கப்பட்ட எழுத்து வெறும் வடிவம் என்பதால் எங்கும் சிதறாது. அப்படி மாற்றிய கோப்பில் பிறகு ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது என்பதால், மாற்றாத மூலத்தை வேறு பெயரில் பத்திரப்படுத்துவது கட்டாயம்.

## ஸ்கிரைபஸ்

அச்சுப் பக்க வடிவமைப்புக்கென்றே எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள் இது. சி.எம்.ஒய்.கே. நிறங்கள், தனிக் கருப்பு, ப்ளீட், வெட்டுக் குறிகள், அச்சுத்துறைக்கான பி.டி.எஃப்.-எக்ஸ் வகைக் கோப்புகள், ஏற்றுமதிக்கு முன்பே குறைகளைப் பட்டியலிடும் சோதிப்பான் என்று கட்டண மென்பொருள்களில் உள்ள அடிப்படை வசதிகள் எல்லாம் இதில் உண்டு. இதில் இயல்பாகக் கிடைக்கும் கருப்பே தனிக் கருப்புதான். நாம் மாற்றினாலொழிய அது கலவையாவதில்லை.

தமிழர்களிடையே ஸ்கிரைபஸுக்கு ஒரு பழைய கெட்ட பெயர் உண்டு. 1.4 வரிசைப் பதிப்புகளில் தமிழ் எழுத்து உடைந்துதான் வந்தது. அதைப் பார்த்துக் கைவிட்டவர்கள் பலர். 1.5 வரிசையில் எழுத்தமைப்புப் பொறி மாற்றப்பட்டு, 2024 தொடக்கத்தில் வெளியான நிலையான 1.6 பதிப்பில் அந்தக் குறை தீர்ந்துவிட்டது. எனவே பழைய அனுபவத்தை வைத்து இதை ஒதுக்க வேண்டியதில்லை. பழைய பதிப்பை நிறுவிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இதற்கு நாம் தரும் விலை நேரம்தான். முதல் நாளில் ஒரு பெட்டிக்குள் உரை இட்டு, அதன் எழுத்துருவை மாற்றுவதே புரியாத புதிராக இருக்கும். பட்டியல்களும் பலகைகளும் பொறியாளர் மனத்தோடு அடுக்கப்பட்டவை. ஒரே ஒரு மடிப்பிதழுக்காக இதைக் கற்பது வீண் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் ஆண்டுக்கு நான்கு வெளியீடுகள் கொண்டுவரும் ஒரு தொண்டு நிறுவனமோ, செய்திமடல் நடத்தும் சங்கமோ, ஓர் இளைஞரை அமர்த்தி இதைக் கற்கச் செய்தால், முதல் வெளியீட்டில் போன நேரம் அடுத்தடுத்த வெளியீடுகளில் திரும்பிவிடும்.

இந்த இடத்தில் அஃபினிட்டியையும் சொல்லிவிட வேண்டும். கேன்வா நிறுவனம் 2024இல் விலைக்கு வாங்கிய இந்த மென்பொருள் 2025 இறுதியில் இலவசமாக்கப்பட்டது, சி.எம்.ஒய்.கே. உள்ளிட்ட அச்சு வசதிகள் கொண்டது. முன்னே சொன்ன "கொ, கௌ, ஸ்ரீ" சோதனையில் உங்கள் கணினியில் தேறினால் மட்டுமே அதைப் பரிசீலியுங்கள்.

## டி.டி.பி. மையம்

இலவசக் கருவிகளைப் பற்றிப் பேசும்போது டி.டி.பி. மையத்தைத் தோற்ற கட்சியாக நிறுத்துவது வழக்கமாகிவிட்டது, அது நியாயமில்லை. அந்த இருக்கையில் அமர்ந்திருப்பவர் எந்த அச்சகத்தில் எந்த அளவுத் தாள் ஓடுகிறது, எங்கு மடிப்புக் கூலி மலிவு, 130 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை) ஆர்ட் பேப்பர் இந்த வாரம் கிடைக்குமா என்பவற்றை அறிந்தவர். இந்த அறிவு எந்த இணையதளத்திலும் இல்லை. எடுத்துக்காட்டாக, நம் ஊர் அச்சகங்களில் புழங்கும் டெமி தாள் 18 × 23 அங்குலம். அதை நான்காக வெட்டினால் 9 × 11.5 அங்குலம். ஏ4 தாளின் நீளம் 11.69 அங்குலம். கால் அங்குலத்துக்கும் குறைவான இந்த வேறுபாட்டால் ஏ4 மடிப்பிதழ் கால் டெமியில் அடங்காது. பெரிய தாளுக்குப் போக வேண்டும், வெட்டிய மிச்சம் வீணாகும். மடிப்பிதழைச் சற்றே சுருக்க நாம் ஒப்புக்கொண்டால் தாள் செலவு குறையக்கூடும். வடிவமைப்பைத் தொடங்கும் முன் கேட்க வேண்டிய இந்தக் கேள்வியை, வடிவமைத்து முடித்தபின் கேட்டால் பயனில்லை.

குறைகளும் உள்ளன. பல மையங்களில் இன்றும் கோரல்டிராவிலோ, 2001இல் வெளிவந்த 7ஆம் பதிப்போடு வளர்ச்சி நின்றுபோன பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளிலோ, பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களில்தான் வேலை நடக்கிறது. நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் யூனிகோடு உரையை அவர்கள் என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் இட்டுப் பழைய குறியாக்கத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அந்தப் பயணத்தில் உரைக்கு நடுவே இருக்கும் ஆங்கிலம்தான் முதலில் பலியாகும். மின்னஞ்சல் முகவரியும் இணைய முகவரியும் பொருளற்ற தமிழ் எழுத்துக் குவியலாக மாறி நிற்கும். மேற்கோள் குறிகளும் கிரந்த எழுத்துகளும் அடுத்த பலி. ஆகவே இங்கு மெய்ப்புப் பார்ப்பது, நாம் எழுதியதைச் சரிபார்ப்பது என்ற அளவில் நிற்காது; மாற்றத்தில் கெட்டதையும் தேட வேண்டும். ஆங்கிலப் பகுதிகளைத் தனித் தாளில் எழுதிக் கொடுப்பது இந்தத் தொல்லையைப் பாதியாகக் குறைக்கும்.

இரண்டாவது குறை, மூலக்கோப்பு. கேட்காவிட்டால் யாரும் தருவதில்லை. கேட்டால் சிலர் கூடுதல் தொகை சொல்வார்கள். விலை பேசும்போதே "ஓபன் ஃபைலும் கர்வ் போட்ட பி.டி.எஃப். கோப்பும் எனக்கு வேண்டும்" என்று சொல்லிவிட்டால் பிற்பாடு மனத்தாங்கல் வராது. மூன்றாவது, கூகுள் தேடலில் அகப்படும் படங்களை எடுத்து ஒட்டும் பழக்கம். அதன் பொறுப்பு அச்சிட்டு விநியோகிப்பவர் தலையில்தான் விழும்.

## எந்தக் கருவிக்கும் பொதுவான இலவச வளங்கள்

எழுத்துருவுக்கு கூகுள் ஃபாண்ட்ஸ் ஒன்றே போதும். நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், கட்டமரான், முக்தா மலர், ஹிந்த் மதுரை, அனெக் தமிழ், பலூ தம்பி 2, மீரா இனிமை, டிரோ தமிழ் ஆகியவை அங்குக் கிடைக்கின்றன. இவை திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை என்பதால் வணிக அச்சுக்கும் கட்டணம் இல்லை. உரைக்கு முக்தா மலர் அல்லது ஹிந்த் மதுரை, தலைப்புக்கு பலூ தம்பி என்ற இணை பல வேலைகளுக்குப் பொருந்தும். மரபான புத்தகத் தோற்றம் வேண்டுவோருக்கு டிரோ தமிழ். மூன்று எழுத்துருக்களுக்குமேல் ஒரு மடிப்பிதழில் இருப்பது திருவிழாக் கடைவீதி போன்ற இரைச்சலைத் தரும்.

உரையை இருபுறமும் சமப்படுத்தாமல் இடப்புறம் மட்டும் சீராக்குவது இன்றியமையாதது. ஓரங்கள் போக மடிப்புப் பகுதியின் அகலம் 80 மி.மீ. அளவே இருக்கும், தமிழ்ச் சொற்கள் நீளமானவை, சமப்படுத்தினால் சொற்களுக்கிடையே பள்ளங்கள் விழும்.

படங்களுக்கு அன்ஸ்பிளாஷ், பெக்ஸெல்ஸ், பிக்ஸாபே ஆகிய தளங்கள் வணிகப் பயன்பாட்டையும் அனுமதிக்கின்றன. பெயர் குறிப்பிடுவது கட்டாயமில்லை. விக்கிமீடியா காமன்ஸில் உள்ளவற்றுக்கு ஒவ்வொரு படத்தின் கீழும் உள்ள உரிமத்தைப் படிக்க வேண்டும். பலவற்றுக்குப் படம் எடுத்தவர் பெயரையும் உரிமத்தின் பெயரையும் அச்சில் குறிப்பிட்டாக வேண்டும். இந்தத் தளங்களில் கம்பையும் கேழ்வரகையும் தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் நம் சமையலறையைப் போல் இருப்பதில்லை. சொந்தப் பொருளைச் சன்னல் வெளிச்சத்தில் கைபேசியில் எடுத்த படமே நம்பகமானது. 12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த 4000 × 3000 அளவுப் படம், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத் தரத்தில் ஏ4 முழுவதையும் நிரப்பப் போதுமானது, ஏனெனில் அதற்குத் தேவை 3508 × 2480 மட்டுமே. அதே படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளம் ஏறக்குறைய 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். ஒரு மடிப்புப் பகுதியின் அகலத்துக்குத் தாங்கும், இரண்டின் அகலத்துக்குத் தாங்காது. ஆவணமாக இணைத்து அனுப்பினால் சுருங்காது.

க்யூ.ஆர். குறியீட்டில் முகவரியை நேரடியாகப் பொதிந்த நிலையான வகையையே பயன்படுத்த வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சில தளங்கள் தரும் வகை, அத்தளத்தின் வழியாகவே செல்வது. இலவசக் காலம் முடிந்ததும் அது நின்றுபோனால், அச்சடித்த ஆயிரம் தாளிலும் செத்த குறியீடு இருக்கும்.

## எந்த நிலையில் எது

நூறு முதல் இருநூறு பிரதிகள், பல வண்ணம், டிஜிட்டல் அச்சு, அவசரம் என்றால் கேன்வா. ஆயிரத்துக்குமேல், ஒரு நிறம், உரை மிகுதி என்றால் லிப்ரெஆபிஸ் ட்ரா. ஆண்டுதோறும் பல வெளியீடுகள், கற்கக்கூடிய ஒருவர் கையில் என்றால் ஸ்கிரைபஸ். சின்னமும் வரைபடமும் எழுத்தைக் கர்வ் செய்வதும் எப்போதும் இங்க்ஸ்கேப்பில்.

ஆயிரத்துக்குமேல், பல வண்ணம், ஆஃப்செட் (பிளேட் போட்டு அடிக்கும் அச்சு), இதுவே முதல் முறை என்பவர்களுக்கு நான் சொல்வது கலப்பு வழி. உரையை முழுதாக எழுதி, மெய்ப்புத் திருத்தி, படங்களைச் சேர்த்து, கேன்வாவிலோ ட்ராவிலோ எது எங்கே வர வேண்டும் என்று ஒரு மாதிரியை நீங்களே செய்யுங்கள். அதையும் அசல் படங்களையும் எழுத்துருக் கோப்புகளையும் ஒரு பென் டிரைவில் இட்டு டி.டி.பி. மையத்தில் கொடுத்து, எழுத்து தனிக் கருப்பிலும் நிறம் சி.எம்.ஒய்.கே. முறையிலும் இருக்கும்படி இறுதிக் கோப்பை அவர்களிடம் செய்து வாங்குங்கள். முடிவு செய்யும் வேலை உங்களிடம் முடிந்துவிட்டதால் அவர்களுக்கு நேரம் குறைவு. கூலியும் அதற்கேற்பப் பேசலாம். அவர் அருகில் அமர்ந்து "இன்னும் கொஞ்சம் பெரிதாக, வேறு நிறத்தில்" என்று மணிக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பதுதான் டி.டி.பி. கட்டணத்தை ஏற்றும் முதற்காரணம்.

பிளேட்டுக்குப் போகும் முன் இறுதிக் கோப்பை வீட்டு அச்சியிலோ ஜெராக்ஸ் கடையிலோ உண்மை அளவில் இருபுறமும் எடுத்து, மடித்து, மடிப்பு எழுத்தின்மேல் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். க்யூ.ஆர். குறியீட்டைத் திரையில் சோதிப்பதோடு நிறுத்தாமல் அந்தத் தாளிலிருந்தே ஸ்கேன் செய்ய வேண்டும். அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு ஒருவர் தொலைபேசியில் அழைத்துப் பார்க்க வேண்டும். தாள் 170 ஜி.எஸ்.எம். அளவுக்குத் தடித்ததானால் மடிப்பதற்கு முன் கிரீசிங் (மடிப்புக் கோட்டை முன்பே அழுத்திப் பதிப்பது) வேண்டுமா, அதன் கூலி சொன்ன விலையில் அடங்குமா என்று கேட்டு எழுதி வாங்குவது நல்லது. விலைப்பட்டியலை மட்டும் மடிப்பிதழில் சேர்க்காமல் ஒற்றை நிறத் துண்டுத் தாளாகத் தனியே அடித்து உள்ளே செருகிக் கொடுங்கள். அரிசி விலையோ பருப்பு விலையோ ஏறும்போது அந்தத் துண்டை மட்டும் புதிதாக அடித்துக்கொள்ளலாம்.